வழியில் இருக்கும் கால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பார்சல் அலுவலகத்தின் வரிசையில் கிடைத்தது. சலவை இயந்திரத்தின் கதவுக்கு ரப்பர் வளையம் ஒன்று வரவழைத்திருந்தேன். வரவில்லை. கேட்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் ஜன்னலுக்குள் குனிந்து, “என் கால் இன்னும் வரலைங்க” என்றார். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலேயே, “வழியிலதான் இருக்கு, வரும்” என்றார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் யார், என்ன கால், வந்ததா, ஒன்றும் தெரியாது. வெட்கத்தைவிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. ஆனால் அந்த ஒரு வரி என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. எழுதினால் விடும் என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம் இப்படிப் போனது: “மழை விட்டிருந்த ஒரு காலை, தொலைந்துபோன தன் காலைத் தேடி அவள்...”

நிறுத்திவிட்டேன். காலை, காலை. கூப்பிடாமலே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் சிலேடை. வலியில் இருப்பவளை வைத்து வார்த்தை விளையாட்டா?

அடுத்தது: “காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவள்போல...”

இதையும் அடித்தேன். காலைப் பிடிக்கிறோம், காலை வாருகிறோம், ஒற்றைக் காலில் நிற்கிறோம், காலம் போன காலத்தில் காலூன்றப் பார்க்கிறோம். ஒரு கால் இல்லாத பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் தமிழில் இத்தனை கால்கள் நடமாடுவதைக் கவனித்தேன். ஆகவே அலங்காரம் வேண்டாம். நேராகச் சொல்கிறேன்.

2

அவள் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். (வரிசையில் இருந்தவர் ‘அவர்’. இவள் நான் உண்டாக்கியவள், அதனால் ‘அவள்’.) வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் பம்பரம். ஒரு கட்டிலில் வலி எடுத்தால் அங்கே, அடுத்ததில் அழுகைச் சத்தம் கேட்டால் இங்கே. நாற்காலி என்று ஒன்று அந்த அறையில் இருப்பதே அவளுக்குத் தெரியாது என்பார்கள்.

ஒரு சாலை விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உடன் வேலை செய்தவர்கள் கூசினார்கள். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், தேநீர் நேரத்தில் அவளே ஆரம்பித்தாள்.

“ஏன்டி, பம்பரத்துக்கு எத்தனை காலு?”

எல்லோரும் தேநீர் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

“ஒண்ணுதானே. அப்ப இப்பத்தான் பேரு சரியாப் பொருந்துது. கூப்பிடுங்க.”

கூப்பிட்டார்கள்.

வெட்டுப்பட்ட கால் நாளாக ஆக இளைக்கும். செயற்கைக் காலின் மேல்முனையில் அதைத் தாங்கும் கிண்ணம் தளர்ந்துபோகும், உராயும், புண்ணாகும். அவளுக்கும் ஆனது. வேறு ஊரில் இருந்த பட்டறைக்குப் போய்ப் புது அளவு கொடுத்து, கிண்ணத்தை மாற்றித் தரச் சொல்லி, காலை அங்கேயே விட்டுவிட்டு, அக்குளில் இரண்டு ஊன்றுகட்டைகளோடு திரும்பினாள். பட்டறைக்காரர் சொன்னபடி வேலையை முடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டார். கால் வந்து சேரவில்லை. பார்சல் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்.

கைபேசியில் பார்த்தால் ‘வழியில் உள்ளது’ என்றது. பல் விளக்கும்போது பார்த்தாள். துணி மடிக்கும்போது பார்த்தாள். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் கட்டைகளைத் தேடுவதற்குள் வண்டி போய்விடும். போன பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இங்கே எனக்கு ஒரு கணவன் தேவைப்பட்டான், எரிச்சல் மூட்ட. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் ஆக்கினேன். வாயைத் திறந்தால் ‘நிதானம்’ என்பவன்.

“சும்மா சும்மா பார்த்தா சீக்கிரம் வந்துடுமா?”

“பார்க்கலேன்னா மட்டும் வந்துடுமா?”

“கொஞ்சம் நிதானமா இரேன்.”

“உங்களுக்கென்ன. ரெண்டு கால்ல நிதானமா இருக்கீங்க.”

இதற்கு அவன் ஏதாவது கொடூரமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று திட்டம். அவன் என்ன செய்தான் தெரியுமா? எழுந்துபோய், அவளுடைய கட்டைகளின் அடியில் தேய்ந்திருந்த ரப்பரைக் கழற்றிப் புதிது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை வில்லனாக்கும் யோசனையை அன்றோடு கைவிட்டேன்.

அவளுடைய விடுப்பு அந்த வாரத்தோடு முடிந்தது. அப்போதுதான் தலைமை நர்ஸான மேட்ரன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“திங்கட்கிழமை வந்துடுவியாம்மா?”

“வந்துடுவேன் மேடம்.”

“கட்டையோட பிரசவ வார்டுல விடமாட்டாங்க. கால் வரலேன்னா உன்னை விசாரணை மேசைக்கு மாத்திட்டு, வார்டுல வேற ஆளைப் போடப் போறாங்க. ஒருதரம் மாத்திட்டா திரும்ப மாத்துறது என் கையில இல்ல. முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

பம்பரத்தை ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைப்பது. வேறென்ன தண்டனை வேண்டும்?

3

சனிக்கிழமை கணவன் அவளைப் பயிற்சிக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த பார்சல் கிடங்குக்குக் கூட்டிப்போனான். அவன் வெளியே நிழல் பார்த்து நிறுத்தப் போக, அவள் மட்டும் உள்ளே போனாள். பொறுப்பாளர் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேறொரு கண்ணாடியைப் போட்டிருந்தார்.

“என்ன பொருளும்மா?”

“கால்.”

“கட்டில் காலா?”

“என் கால்.”

அவர் மேசைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார். பார்த்துவிட்டோமே என்று உடனே நிமிர்ந்துகொண்டார். பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. (மாறியிருக்க வேண்டாமோ? அலுவலகம் என்றால் அலட்சியமாகத்தான் இருக்கும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் இந்த மனிதர் அப்படி இல்லை. அதுதான் பின்னால் சிக்கல்.)

“முகவரி கிழிஞ்சு வந்ததையெல்லாம் பின்னாடி ரூம்ல போட்டிருக்கோம். வந்து பாருங்க. சாயங்காலம் வண்டி வந்துடும். தலைமைக் கிடங்குக்குப் போயிட்டா அப்புறம் அது கடல்ல போட்ட மாதிரிதான்.”

அந்த அறையில் தட்டுத்தட்டாக அட்டைப் பெட்டிகள். நசுங்கியவை, நனைந்து காய்ந்தவை, வாய் பிளந்தவை. ஒன்றிலிருந்து ஒரு பொம்மையின் கை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கட்டையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசித் தட்டின் கீழே ஒரு பெட்டியின் மூலையில் தோல் நிறத்தில் குதிகால் தெரிந்தது.

“இருக்கு சார். இருக்கு.”

பொறுப்பாளர் ஓடிவந்து பெட்டியை இழுத்துத் திறந்தார்.

கால்தான். அவர் உள்ளங்கையில் பாதம் முழுதும் அடங்கிவிட்டது. மஞ்சள் நிறக் கிண்ணம். அதன்மேல் ஒரு மீன் படம்.

4

அவள் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள்.

“மீன் ஒட்டியிருக்கா? அது டைல்ஸ் ஒட்டுறவரோட பொண்ணோடது. மீன் போட்டாத்தான் மாட்டுவேன்னு அடம் பிடிச்சுது. அவங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்க புகார் அவங்க ஊர் ஆபீஸ்ல கிடக்கு.”

“எப்ப அளவெடுத்தீங்க?”

“ஆச்சு, ரொம்ப நாளாச்சு. வளர்ற புள்ள. இன்னும் தள்ளிப்போனா நுழையாது, முதல்லேர்ந்து செய்யணும்.”

அவள் பொறுப்பாளரிடம் திரும்பினாள். “இதை நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

“குடுக்கலாம்மா. ஆனா புகார் எண் இல்லாம ஒரு பொருள் வெளிய போகாது. அவங்க புகாரை இங்க மாத்தி வாங்குறதுக்குள்ள சாயங்கால வண்டி எடுத்துட்டுப் போயிடும். இந்த ஆபீஸ்ல கால்னு இருக்கிறது உங்க புகார் ஒண்ணுதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதுல எழுதினா, உங்க பொருள் கிடைச்சிருச்சுன்னு ஆயிடும். புகார் முடிஞ்சுபோயிடும். அப்புறம் நெஜமா உங்க கால் எங்கயாவது கிடந்தாலும் யாரும் தேடமாட்டாங்க. யோசிச்சுக்கோங்க. நான் அவசரப்படுத்தல.”

இந்த இடத்தில் என் எழுத்து நின்றுவிட்டது. பல நாள் நின்றது.

ஒரு வரைவில் அவள் கையெழுத்துப் போடவில்லை. டைல்ஸ்காரரின் ஊர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். தப்பில்லை. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்; ஒரு ரப்பர் வளையத்துக்கே கவுண்டரில் சண்டை போட்டவன் நான். ஆனால் அந்த வரைவில் வீட்டுக்குப் போனவளை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. சாப்பிட உட்காரவைத்தேன், தட்டைத் தள்ளிவிட்டாள். படுக்கவைத்தேன், எழுந்துவிட்டாள். கைபேசியைக் கையில் கொடுத்தேன், ‘வழியில் உள்ளது’ என்பதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றாள்.

சரி, நீயே சொல் என்று அவளைத் திரும்பக் கிடங்குக்குக் கொண்டுவந்து விட்டேன்.*

“பேனா குடுங்க சார்” என்றாள்.

(* இந்த இடத்தில் முதலில் அவளுக்கு ஒரு நல்ல வசனம் எழுதியிருந்தேன், எல்லாக் குழந்தையும் தன் குழந்தைதான் என்கிற மாதிரி. அவள் அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது, பொறுப்பாளர் மனசு மாறுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் அந்த நிமிடத்தில் இருந்தது.)

5

கணவனிடம், “இது வேற ஒருத்தரோடது, குடுத்துட்டுப் போயிடலாம்” என்று மட்டும் சொன்னாள். அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வண்டியை எடுத்தான்.

பட்டறைக்காரரிடம் கேட்ட முகவரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டைல்ஸ்காரர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அவர் மனைவி கட்டைகளைப் பார்த்ததும் உதவி கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துச் சில்லறை எடுக்க உள்ளே திரும்பப் போனாள். பெட்டியில் மீன் படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிறுமி சுவரைப் பிடித்துக் குதித்துக்கொண்டு வந்தாள். மாட்டிப் பார்த்தார்கள். உள்ளே போகவில்லை. அழுத்தினார்கள். போகவில்லை. “வளர்ந்துட்டாளே” என்றாள் தாய், ஏதோ குற்றம் நடந்துவிட்டதுபோல.

நர்ஸ் தரையில் சறுக்கி உட்கார்ந்து சிறுமியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உரசாமல் இருக்க மாட்டியிருந்த பருத்தி உறைகளை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

“ஒண்ணைக் கழட்டுங்க.”

“அங்க இப்படித்தான் போடச் சொன்னாங்க.”

“அது அப்ப. இப்பப் பாப்பா பெரியவளாயிட்டா. கழட்டுங்க.”

கழற்றினார்கள். கிண்ணம் இறங்கியது. சிறுமி நின்றாள். “கடிக்குது” என்றாள். பிறகு தண்ணீர்க் குடம் வரை போய்விட்டுத் திரும்பினாள். பிறகு கேட்காமலேயே மறுபடி போனாள். தாய் கையை நீட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். சிறுமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“உங்க கால் எங்க?”

“தபால்ல சுத்திக்கிட்டிருக்கு.”

“தனியாவா?”

நர்ஸ் ஊன்றுகட்டைகளை இழுத்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கணவன் கேட்டான். “அதை எப்படிக் குடுத்தாங்க?”

சொன்னாள்.

எத்தனையோ பேருக்குச் சைகை காட்டாமல் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுத்தவன், சைகை காட்டாமல் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் வந்தவன் ஏதோ திட்டிக்கொண்டு போனான். அவள் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

“திங்கட்கிழமை காலைல நான் போறேன்” என்றான்.

“எங்க?”

“கிடங்குக்கு. உன் புகார்தானே முடிஞ்சுது. என் பேர்ல புதுசா ஒண்ணு போடறேன்.”

“கால் என்னுது. உங்க பேர்ல எப்படி எடுப்பாங்க?”

“கால் உன்னுதுதான். காத்துக்கிட்டிருக்கிறது நானுந்தான். எடுக்கலேன்னா எடுக்கிறவரைக்கும் அங்கயே நிக்கிறேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை அவன் நிதானமில்லாமல் ஓட்டினான்.

6

இனி முடிவு.

நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு பெட்டிகளின் முகவரியும் மாறி, அவளுடைய கால் டைல்ஸ்காரர் வீட்டுப் பரணில் காத்திருந்திருக்க வேண்டும். அதையும் எழுதிப் பார்த்தேன். சிறுமியின் தாய் பெட்டியை எடுத்துவருகிறாள், எல்லோரும் அழுகிறார்கள். நானும் அழுதேன். ஆனாலும் தூக்கிப் போட்டேன். நல்லது செய்தால் கை மேல் பலன் என்று சொல்வதற்கு இத்தனை பாடு எதற்கு?

இன்னொன்றில் கால் வருகிறது, ஆனால் நாள் கடந்து. “திருத்திய கிண்ணம் அதற்குள் மறுபடியும் தளர்ந்து...”

வேண்டாம். அது பழிவாங்கல்.

நடந்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவே. திங்கட்கிழமை கணவன் கிடங்கில் நின்றான். பொறுப்பாளர் முதலில் முடியாது என்றார், பிறகு உள்ளே போய் யாரிடமோ நெடுநேரம் பேசினார். அவள் கட்டைகளோடு மருத்துவமனைக்குப் போனாள். விசாரணை மேசையில் உட்கார்ந்தாள். மருந்தகம் எங்கே என்றவருக்கு வலப்பக்கம் என்றாள். ரத்தம் எங்கே எடுப்பார்கள் என்றவருக்கு மாடி என்றாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மதியத்துக்கு முன் பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ், கையுறையைக்கூடக் கழற்றாமல், தாழ்வாரத்தில் ஓடிவந்தாள்.

“பம்பரக்கா, வலியெடுத்து வந்திருக்கிற ஒரு அம்மா உங்களைத்தான் கேக்குது. வேற யாரையும் தொடவிடமாட்டேங்குது.”

தாழ்வாரத்தின் மறுகோடியில் மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். கேட்டும் கேட்காததுபோல.

நான் இங்கே எழுதுகோலை வைக்கிறேன். கால் வந்ததா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மேட்ரன் என்ன சொன்னார் என்பதையும். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தொடங்காதீர்கள். ஒரு கட்டை ஏற்கெனவே அக்குளில் இருக்கிறது. இன்னொன்றை அவள் எட்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.