மூன்று பேர் சொன்ன வழி

ஆசியா பீவிக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஊரைத்தான் பிடிக்கவில்லை, பார்க்காமலேயே. "சென்னையில வளர்ந்த பொண்ணு. ஊரைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்" என்று, ஞாயிற்றுக்கிழமை மகள் ஜன்னதுல் பிர்தௌஸோடு காரில் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை வாஜித்துக்குச் சோறு இறங்கவில்லை. போட்டோவில் பார்த்த பிர்தௌஸின் சிரிப்பு ஒரு சாலையால் கைவிட்டுப் போகலாமா? கள்ளக்குறிச்சியிலேயே அகலமான சாலையாகப் பார்த்து, புது அரசு அலுவலகங்கள் வழியாக வரும்படி லொகேஷன் அனுப்பினான்.

மாலையில் வழி கேட்டு ஆசியா பீவி போன் அடித்தார். தாத்தா தஸ்தகீர் முந்திக்கொண்டார். "பழைய டாக்கீஸாண்ட திரும்புங்கம்மா."

"நன்னா, டாக்கீஸ் எங்க இருக்குது? இடிச்சி மண்டபம் கட்டிட்டாங்களே!"

"இடிச்சா இடம் போயிடுமாடா?"

அடுத்த அழைப்பை அவன் அப்பா இர்ஷாத் எடுத்தார். பாத்திரக்கடைக்காரர். "கடைவீதிக்குள்ள வாங்க. கூட்டத்தப் பாத்தாத்தான ஊருன்னு தெரியும்!"

"அத்தா, அங்க கார் நுழையாது!"

"நீ ஆபீஸ் கட்டடத்தக் காட்டுவ. பொண்ணு இன்னா, மனு குடுக்கவா வருது?"

அதற்குப் பிறகு போனே வரவில்லை. இவன் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வாஜித் பைக்கில் தேடிக்கொண்டு கிளம்பினான்.

சங்கராபுரம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், பழுதாகி நின்ற கரும்பு டிராக்டருக்குப் பின்னால் கார் நின்றது. டிராக்டர்காரர் முனியன் ஒடித்துக் கொடுத்த கரும்பை ஆசியா பீவி கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உங்க நன்னா சொன்ன டாக்கீஸ் இல்லவே இல்ல. உங்க அத்தா சொன்ன வீதியில மூச்சு முட்டிடுச்சு. நீங்க அனுப்புன ரோட்டுல ஈ, காக்கா இல்ல." சக்கையைத் துப்பினார். "எதை நம்பிப் பொண்ணு குடுக்கறது?"

வாஜித் பைக்கை ஸ்டாண்டு போட்டான்.

"அம்மா, அங்க பாரு!" காரிலிருந்து இறங்கிய பிர்தௌஸ் கை நீட்டினாள். கரும்புக்காட்டுக்கு அப்பால் கல்வராயன் மலை, நீலமாய், சூரியனை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தது. தினமும் கிடப்பதுதான். வாஜித் இன்றுதான் பார்த்தான்.

"இது யார் சொன்ன வழி?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலீங்க. வழி தப்பித்தான் வந்துட்டீங்க."

பிர்தௌஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் போட்டோ ஒன்றுமே இல்லை. "ஆளுக்கொரு ஊர் வெச்சிருக்கீங்க. அப்ப இதை நான் எடுத்துக்கறேன்."

ஆசியா பீவி மகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், முனியன் பக்கம் திரும்பினார்.

"இன்னும் நாலு கரும்பு குடுப்பா. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது."