தலை மறைக்குது

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி, 'கோதண்டராமன் ரப்பர் இண்டஸ்ட்ரீஸ்' என்று ஒரு பெயர்ப்பலகை நின்றது. பலகைக்குப் பின்னால் போய்த் தேடினால் ஃபேக்டரியும் கிடைக்கும். லாரிக்கு ரப்பர் புஷ் அடிக்கிற இரண்டு மிஷின், கரண்ட் போனால் ஊரையே உலுக்குகிற ஒரு ஜெனரேட்டர், ஒரு ஏ.சி. ரூம். ஏ.சி. ரூமுக்குள் எம்.டி. கோதண்டராமன்.

எம்.டி.யின் தலையைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. இடது காதுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு ஒரு கற்றை வளர்த்திருந்தார். தேங்காய் எண்ணெய் தடவி, அதை வழுக்கையின் குறுக்கே பாலம் மாதிரி போட்டு, வலது காதுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருப்பார். எந்த விழாவுக்குப் போனாலும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நாற்காலி போடச் சொல்வார். வழுக்கை என்று ஊருக்கே தெரியும். ஆனால் பாலம் எழும்பி யாரும் பார்த்ததில்லை, டிரைவர் முனிரத்தினத்தைத் தவிர.

முனிரத்தினமும் கோதண்டராமனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்போது "டேய் கோதண்டா", இப்போது "சார்". முனிரத்தினத்தின் கழனி இருந்த இடத்தில்தான் இப்போது அந்த ஜெனரேட்டர் நிற்கிறது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது அம்பாசடர் ஸ்டியரிங். அதையெல்லாம்கூட அவன் விழுங்கிக்கொண்டான். விழுங்க முடியாதது வேறு.

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை, முனிரத்தினம் வீட்டுத் தலைக்கு. அவன் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அதற்கு மேலே யாருக்கோ. பூசாரி மஞ்சள் துணியைத் தலையில் சுற்றிப் பரிவட்டம் கட்டுவார். கட்டிய துணியை அம்மன் ஊர் சுற்றிக் கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அதுவும் பூசாரி கைதான் அவிழ்க்க வேண்டும். முனிரத்தினத்தின் அப்பா ஒரு வருஷம் பரிவட்டத்துக்குள் கட்டெறும்பு புகுந்தும் கையைத் தூக்காமல் ஊரைச் சுற்றி வந்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

தொண்ணூறாம் வருஷத் திருவிழாவுக்கு எம்.டி. கோயிலுக்கு டியூப் லைட்டும் மைக் செட்டும் வாங்கிக் கொடுத்தார். டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதியிருந்தது. மரியாதை நேரத்தில் முனிரத்தினம் தலையைக் குனிந்து நின்றான். பூசாரி டில்லிபாபு துணியை எடுத்தார். டில்லிபாபுவுக்கும் அதே ஃபேக்டரியில்தான் வேலை, மிக்சிங் செக்‌ஷனில். துணி பாதி வழி வந்து திரும்பி, பக்கத்தில் நின்ற எம்.டி.யின் பாலத்தின் மேல் பதமாக உட்கார்ந்தது. ஃபோட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். எம்.டி. திரும்பிச் சொன்னார்:

"முனி, கொஞ்சம் தள்ளி நில்லு. தலை மறைக்குது."

அந்த வார்த்தையை முனிரத்தினத்தின் மனைவி கங்கா ஒரு வருஷமாக மறக்க விடவில்லை. சோறு போடும்போது, "தள்ளி உக்காரு, தலை மறைக்குது." டி.வி. பார்க்கும்போது, "தள்ளிக்கோ, தலை மறைக்குது." ஒருநாள் அவன் கோபப்பட்டபோது சொன்னாள்: "என்கிட்ட ஏன்யா கத்தறே? அந்தாளு முன்னாடி கதவத் தொறந்துகினு குனிஞ்சு நிக்கற இல்ல, அங்க போய்க் கத்து."

முனிரத்தினம் கத்தவில்லை. ஏரிக்கரை வந்ததும் முன் கதவுக் கண்ணாடியை மெள்ள இறக்குவான். காற்று உள்ளே வரும். பின் சீட்டில் பாலம் எழும்பி ஆடும். "முனி! கண்ணாடிய ஏத்து!" என்று எம்.டி. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வார். "சாரி சார், புயுக்கமா இருந்தது." இதுதான் அவன் தினப்படி பழி. சில்லறைப் பழி. முழு நோட்டுக்காகக் காத்திருந்தான்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷ ஆடியில் வந்தது. டெல்லியில் கதவைத் திறந்து விடுகிறார்கள், இனி வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வரும் என்று பேப்பரில் போட்டார்கள். கதவு திறந்தது ஏதோ தன் ஃபேக்டரி கேட்தான் என்று எம்.டி. எடுத்துக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் மறைமலை நகருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனைத் திருவிழாவுக்கு அழைத்துவிட்டார். ஏதோ ஒரு ஃபாரின் கேட்டலாகில், அந்தக் காலத்து முதலாளி ஒருவன் ஃபெல்ட் தொப்பியோடு நிற்கிற படத்தையும் பார்த்துவிட்டார்.

"முனி, இந்த மாதிரி ஒரு தொப்பி. பழைய மாடல். ஒரிஜினல். எங்க கிடைக்கும்?"

முனிரத்தினம் மேலே இருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். தொப்பி. உள்ளே பாலம். ஆடி வெயில். அதற்கப்புறம் பரிவட்டம் கட்ட, கழற்றியே ஆக வேண்டும், ஊர் முன்னால், டியூப் லைட்டில்.

"பல்லாவரம் வெள்ளிக்கெயம சந்தைல கிடைக்கும் சார்," என்றான். கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

பல்லாவரம் சந்தையில் கிளியம்மாள் கடை தரையில் விரித்த ஒரு தார்ப்பாய். பரங்கிமலையில் வெள்ளைக்கார வம்சத்து வீடுகள் காலியாகும்போது, பியானோ போக மீதியெல்லாம் அவளிடம் வரும். எம்.டி.யைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி கோபம்.

"தொப்பியா? இன்னா தொப்பி? டிராமாவுக்கா, தலைக்கா?"

"எனக்கு," என்றார் எம்.டி.

இரண்டை எடுத்துப் போட்டாள். ஒன்று கறுப்பு, பளபளப்பு, பக்கத்தில் சிவப்பு இறகு. இன்னொன்று காப்பிக்கொட்டை நிறம், அகலமான நாடா, வேறு அலங்காரம் கிடையாது. எம்.டி. கை நேரே இறகுக்குப் போனது. முனிரத்தினம் பதறிவிட்டான். கறுப்பை அவன் தொட்டுப் பார்த்தான்: மொடமொடவென்று, பசை போட்ட அட்டை மாதிரி. இந்தத் தொப்பி இரண்டு நாளில் கோணிவிடும். கோணினால் தூக்கிப் போட்டுவிட்டு வழக்கம்போல் பாலத்தோடு வந்து நிற்பார். மட்டமான தொப்பி பழிக்கு உதவாது.

"இது ரெண்டுல எது நல்லது ஆயா?"

கிளியம்மாள் தன் டீ கிளாஸில் விரலை விட்டு, இரண்டு தொப்பி மேலும் உதறினாள். கறுப்பு உறிஞ்சிக்கொண்டது. காப்பிக்கொட்டையின் மேல் டீ முத்து முத்தாக உருண்டு நின்றது.

"அது ஆட்டு மயிரு. மழைல நனைஞ்சா சுருங்கிடும், ஆளு தலைல இருந்து கொயந்த தலைக்கு வந்துடும். இது முயலு முடி. மடிச்சுப் பாரு, உட்டா எந்திரிச்சுக்கும். உள்ள பாரு, தோலு பட்டி. துணி இல்ல, தோலு. வேர்வைய அது குடிக்கும், தொப்பி குடிக்காது. ஒரு தொர போட்டது."

எம்.டி. கையை இழுத்துக்கொண்டார். "முயலா? ஆடி மாசம் நான் கவிச்சி தொடறதில்ல."

"துன்னவா சொல்றேன்? தலைல வைய்யி. உனக்குன்னு பொறக்காத முடி எங்க பொறந்தா இன்னா?"

முனிரத்தினம் சட்டென்று குறுக்கே விழுந்தான். "சார், ஜெர்மன்காரன் பாத்ததும் தெரிஞ்சுக்குவான் சார். இறகு வெச்சது சர்க்கஸ்காரன் போடறது. இது கம்பெனி முதலாளி போடறது."

'முதலாளி' வேலை செய்தது. எம்.டி. காப்பிக்கொட்டையை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கம். தார்ப்பாயில் அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் கிடந்தது. முனிரத்தினம் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான்.

"பிடிச்சாப்பல இருக்கே?"

"காத்துக்குப் பறக்காது சார்."

அதோடு பேரம் முடிந்தது. இத்தனை அக்கறையாக முனிரத்தினம் தன் கல்யாணத்துக்கு வேட்டிகூட எடுத்ததில்லை. அன்றைக்கு ராத்திரி அவன் சொன்னதைக் கேட்டுக் கங்கா ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள். கூட ஒரு அப்பளமும் பொரித்தாள்.

திருவிழா அன்று எம்.டி. கோட்டு, வேட்டி, தொப்பியோடு வந்து இறங்கினார். தொப்பி உண்மையிலேயே நல்ல தொப்பி. அதற்குக் கீழே இருந்தவர்தான் பொருந்தவில்லை. ஜெர்மன்காரன் படப்பையில் வாங்கிய காசித்துண்டைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு வந்தான். கோயில் வாசலில் அவனாகவே செருப்பையும் விட்டான், முண்டாசையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டான். எம்.டி. செருப்பை மட்டும் விட்டார்.

டில்லிபாபு மஞ்சள் துணியோடு வந்தார். "தொப்பிய கயட்டுங்க சார்."

முனிரத்தினம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான். பின்னால் பெண்கள் பக்கத்தில் கங்கா எக்கிப் பார்த்தாள்.

எம்.டி.யின் கை தொப்பிக்குப் போனது. விளிம்பைத் தொட்டது. உள்ளே பாலம் என்ன கதியில் இருக்கிறது என்று அந்தத் தலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை இறங்கிவிட்டது.

"பரவால்ல டில்லி. தொப்பி மேலயே கட்டு."

"சார், தலைலதான்..."

"கட்டுய்யா. ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான்."

ஜெர்மன்காரனுக்குத் தமிழ் தெரியாதது எம்.டி.யின் அதிர்ஷ்டம். டில்லிபாபு திரும்பி அம்மனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, நாடா இருந்த இடத்தில் துணியைச் சுற்றி, வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றி, நன்றாக இழுத்து முடிந்தார். மேளம் அடித்தது. முனிரத்தினத்துக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வருஷக் காத்திருப்பு தப்பிவிட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே கங்கா இருந்தாள்.

அம்மனை டிராக்டரில் ஏற்றி ஊர்வலம் கிளம்பியது. பரிவட்டக்காரர் முன்னால் நடக்க வேண்டும். காலனி தாண்டுவதற்குள் எம்.டி.யின் காதோரம் வேர்வை இறங்கியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது கோட்டு காலர் நனைந்திருந்தது. தொப்பியைக் கொஞ்சம் தூக்கிக் காற்று விட்டுக்கொள்ளக் கையைக் கொண்டுபோனார்.

"கை வெக்காதீங்க சார்!" டிராக்டர் மேலிருந்து டில்லிபாபு மைக்கில் கத்தினார். எம்.டி. வாங்கிக் கொடுத்த மைக். "பரிவட்டத்துல கை வெக்கக் கூடாது. அம்மன் இன்னும் கோயிலுக்குப் போவல."

"டில்லி, மயக்கமா கீது." எம்.டி.யின் இங்கிலீஷ் முதலில் போயிற்று, பிறகு பேச்சுத் தமிழும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தது.

"ஃபேக்டரில நீங்க எம்.டி. சார். இங்க அம்மன்தான் எம்.டி. நான் சூப்பர்வைசர். OT முடியற வரைக்கும் நடங்க."

முனிரத்தினத்துக்கு மெல்ல உயிர் வந்தது. ஓடிப்போய் டிராக்டர்காரனிடம், "கீழத் தெருவுலயும் பூஜைக்கு நிக்கணும்பா, எல்லாரும் காத்துகினு இருக்காங்க," என்றான். கீழத் தெருவில் எல்லார் வீட்டிலும் நின்றது. நடுவில் ஒரு மழை வேறு அடித்துப் பெய்தது. எல்லாரும் ஒதுங்கினார்கள். பரிவட்டம் ஒதுங்கக் கூடாது. ஆட்டு மயிராயிருந்தால் சுருங்கிக் கோணி, தானே நழுவி விழுந்து அவரைக் காப்பாற்றியிருக்கும். இது முயல் முடி. நீர் முத்து முத்தாக உருண்டு எம்.டி.யின் மூக்கில் விழுந்ததே தவிர, தொப்பி ஒரு நூல்கூட அசையவில்லை. முனிரத்தினம் மனசுக்குள் கிளியம்மாளைக் கும்பிட்டான்.

கோயில் திரும்பியபோது டியூப் லைட் எரிந்தது. டில்லிபாபு முடிச்சை அவிழ்த்தார். ஆனால் துணியை வழக்கம்போல் எம்.டி. கையில் கொடுக்கவில்லை.

"மரியாதை தொப்பிக்குத்தான் ஆச்சு, தலைக்கு ஆவல. மரியாதை வாங்கினது அம்மனுக்குச் சேந்தது. தொப்பியக் கொடுங்க."

"என்னய்யா உளர்றே?"

"ஊரக் கேளுங்க."

ஊர், கேட்பதற்கு முன்பே, "கொடுத்துடுங்க" என்றது. ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற பையன்கள்தான் சத்தம் அதிகம். எம்.டி. இழுத்துப் பார்த்தார். தொப்பி வரவில்லை. டில்லிபாபு இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினார்.

தொப்பி வந்தது. தோல் பட்டியில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து ஒட்டிக்கொண்ட பாலமும் கூடவே எழும்பி, பாதி வழி வந்து, பிரிந்து, எம்.டி.யின் இடது தோளில் ஈரக் கயிறாகத் தொங்கியது. மீதித் தலை டியூப் லைட்டில் பளிச்சென்று விளங்கியது. ஒரு குழந்தை அழுதது. ஜெர்மன்காரன் நாகரிகமாக அம்மனைப் பார்த்தான்.

"அப்போ இந்த வருசம் மனுசத் தலை பாக்கி கீதே," என்றாள் கங்கா. கூட்டத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

டில்லிபாபு புதுத் துணி எடுத்தார். முனிரத்தினம் குனிந்தான். இந்தத் தடவை துணி பாதி வழியில் திரும்பவில்லை. ஃபோட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான். முனிரத்தினம் பரிவட்டம் அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பினான்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தலை மறைக்குது."

ஊர் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். முனிரத்தினம் அன்றிரவு பரிவட்டத் துணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். வேலை போய்விடும் என்று தெரியும். போகட்டும்.

காலையில் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று போனான். எம்.டி. வாசலில் நின்றார். மழமழவென்று மொட்டை. நெற்றியில் பெரிய குங்குமம்.

"அம்மனுக்கு வேண்டுதல்," என்றார், கேட்காமலே. "ரொம்ப நாளா நெனச்சது. வண்டிய எடு, மறைமலை நகர் போகணும்."

இதில் கொடுமை என்னவென்றால், ஆள் அந்த மொட்டையில் நன்றாகவே இருந்தார். ஐந்து வயது குறைந்திருந்தது. வழியில் டீக்கடையில் இரண்டு பேர் பக்தியாகக் கும்பிடக்கூடச் செய்தார்கள். முனிரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கரை வந்ததும் பழக்கதோஷத்தில் முன் கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கினான். காற்று கார் முழுக்கப் புகுந்து அடித்தது. மேலே இருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான்.

எம்.டி. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"நல்ல காத்து, முனி," என்றார். "தெனம் இப்படியே தொறந்து வை."