பன்னிரண்டு பத்துக்கு நழுவிய கடிகாரம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, ஆம்ஸ்டர்டாமில் அந்த ஏழு மாடிக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அதன் லிஃப்டைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்... ஃபென்னாவாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார், என்று நினைத்துக்கொண்டிருந்தார் டியாலிங், மொட்டைமாடிச் சாவி இருப்பது இரண்டே பேரிடம், ஒன்று தன் சட்டைப்பையில், இன்னொன்று அவள் கழுத்தில், கழுத்தில் மாட்டிக்கொள்வானேன், சாவி என்ன சிலுவையா? பதினொரு வருடமாக இந்தப் பங்கு வணிகக் கம்பெனியின் கடிகாரத்தைக் கவனிப்பது அவர் வேலை, மூன்று வருடமாக அவளும் கூட. கடிகாரம் என்றால் சுவரில் தொங்குவதில்லை, நாலாம் மாடிக் குளிர் அறையில் ஒரு கறுப்புப் பெட்டி, மொட்டைமாடியில் காளான் மாதிரி ஒரு வெள்ளை ஆன்டெனா, அது செயற்கைக்கோள்களிடம் மணி கேட்டுக் கீழே அனுப்பும், பெட்டி அதைக் கம்ப்யூட்டர்களுக்கு ஓதும், வாங்கினேன் விற்றேன் என்று அவை போடும் ஒவ்வோர் ஆர்டரின் மேலும் அந்த மணி முத்திரையாக விழும். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால் நூறு துண்டு வரை பிசகலாம், அதற்கு மேல் சட்டம் பொறுக்காது. இந்த மாதம் எண்பது, எண்பத்தைந்து, நேற்று தொண்ணூற்றிரண்டு... அதுவும் தினமும் ஒரே நேரத்தில், பன்னிரண்டு பத்துக்கு. தானாகக் கெடுகிற பொருள் நேரம் பார்த்தா கெடும்?

யாரோ கை வைக்கிறார்கள். வைத்தால் யாருக்கு லாபம், வணிகப் பிரிவில் இருக்கும் ரூலொஃபுக்கு, மணியைத் துளி பின்னால் தள்ளிவிட்டால் போதும், செய்தி வந்த பிறகு வாங்கியதைச் செய்தி வருமுன்பே வாங்கியதாகக் காட்டலாம். போன செவ்வாய் காபி நேரத்தில் ஃபென்னா அந்த ரூலொஃபுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடி வைக்கும் ஊரில் இரண்டாவது பிஸ்கட் சும்மாவா போகும்? பெட்டி தானே எழுதி வைக்கும் பதிவைப் பார்க்கலாம், ஆனால் மணியில் கை வைத்தவள் பதிவில் வைக்க மாட்டாளா, குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா? அதனால்தான் டியாலிங் தனியாக ஒரு நோட்டுப் போட்டார். பிசகு எண்பதைத் தாண்டினால் கைபேசி அதிரும், உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார். கைபேசியின் மூலையில் தெரியும் மணியும் அதே பெட்டி சொல்வதுதானே, அதன் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டார். கைக்கடிகாரம் அப்பாவுடையது, ஃப்ரீஸ்லாந்தில் சரக்குப் படகு ஓட்டியவர், யாருக்கும் இரண்டாவது பிஸ்கட் கொடுக்காத மனிதர். நோட்டில் இருபத்திரண்டு வரிகள், இருபத்திரண்டிலும் பன்னிரண்டு பத்து, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் இன்று கீழே வரவேற்பறையில் பங்குச்சந்தை மேற்பார்வை அலுவலகத்து அம்மாள் ஒரு தாளோடு உட்கார்ந்திருக்கிறாள். எல்லை தாண்டவில்லை, கடிகாரத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று தாளில் இருக்கிறது, கீழே டியாலிங் கையொப்பம் போட வேண்டும். போட்டுவிட்டுப் பிறகு பிடிபட்டால் பதினொரு வருடமும் தண்ணீரில், போடாவிட்டால் வணிகம் நிற்கும், முப்பத்தொரு பேர் வீட்டுக்குப் போவார்கள், அவர்களில் இருபத்தொன்பது பேர் நல்லவர்கள்... கைபேசி அதிர்ந்தது. மணி பார்த்தார், பன்னிரண்டு பத்து, வந்துவிட்டாள். படியேறினார், ஐந்தாம் மாடிக் கேன்டீனில் பட்டாணி சூப் தீர்ந்து நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டு பத்துக்கே சூப்பைத் தீர்த்துவிடுகிற தலைமுறைக்கு என்ன பசி, எவ்வளவு அவசரம், இவர்கள் ஏன் மணியைத் திருட மாட்டார்கள்... ஏழாம் மாடியில் மூச்சு வாங்கியது, கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

ஒரு மாதமாக விடாத மழை. ஃபென்னா ஆன்டெனாக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் சீஸ் ரொட்டி, தலைக்கு மேல் கம்பெனி கொடுத்த பெரிய குடை, உள்ளே பளபளவென்று வெள்ளிப் பூச்சு.

“கடைசியில வந்துட்டீங்க,” என்றாள், ரொட்டியை மென்றுகொண்டே. “ஒரு மாசமா காவல் இருக்கேன், திருடன் இப்பத்தான் வர்றான்.”

“யாரைச் சொல்ற?”

“வேற யாரு இருக்கா இங்க? நோட்டை ஒளிச்சு ஒளிச்சு எழுதறது நானா? போன்ல மணியை ஸ்டிக்கர் போட்டு மறைச்சிருக்கறது நானா? உங்களைச் சீட்ல காணலன்னா உடனே இங்க வந்துடுவேன், டியாலிங்.”

அந்தக் குடையைப் பார்த்தார். அது அவளை மட்டும் மூடவில்லை, வெள்ளைக் காளானையும் மூடியிருந்தது, வானம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாத மாதிரி.

“குடையை மடக்கு.”

“நனைஞ்சிடுவேன்.”

“மடக்கும்மா.”

மடக்கினாள். இருவரும் கைபேசியைப் பார்த்தார்கள், எண்பத்தெட்டு, அறுபது, முப்பத்தொன்று, நாலு. மழை ரொட்டியில் விழுந்தது. அப்போ நான்தானா என்று அவள் மெதுவாகக் கேட்டாள், அதில் கேலி இல்லை. டியாலிங்குக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை... இவள் காவல் வந்தது நான் நோட்டு எழுதியதைப் பார்த்து, நான் நோட்டு எழுதியது பிசகைப் பார்த்து, அப்படியென்றால் முதல் நாள் பிசகு, அன்று இவள் இங்கே இல்லையே, அன்றும் மழை, அன்று குடையோடு இங்கே ஏறி வந்தது யார், ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு ஆபீசுக்குள் தின்னக் கூடாது என்று நாற்றத்துக்குப் பயந்து யாரோ ஒருவர் மேலே வந்து... சாவி இருப்பது இரண்டே பேரிடம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், தொட்டுவிட்டு, திரும்பி வந்தது.

கீழே இறங்கிக் கையொப்பம் போட்டார். யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மைதானே, வைத்தது குடை. கையொப்பத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுத ஒரு கட்டம் இருந்தது, மணி பார்த்துப் பன்னிரண்டு பத்து என்று எழுதினார், அந்த அம்மாள் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

அந்தக் கைக்கடிகாரம் அந்த வருடப் புத்தாண்டு பிறந்த பத்தாவது நிமிடத்திலேயே, அவர் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்த எண்ணெயில் விழுந்திருந்தது, அதன் பிறகு ஓடவே இல்லை.