இருநூற்று ஐம்பத்தாறு வளையல்கள்

என் அக்கா சண்முகவள்ளியை வாசல் கேட்டுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அவள் பெற்ற மகள் கீர்த்தனாவுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீடு, திண்டுக்கல். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி. அக்காவுக்கு மட்டும் காகிதக் கப்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட முழு உரிமை எனக்கு இல்லை என்பது கூடுதல் எரிச்சல். ஏனென்றால் இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். அது எங்கும் பரவவில்லையே என்று பார்க்க, செவ்வாய்க்கிழமை மதுரையில் எலும்பு ஸ்கேன். காலை பத்து மணிக்கு ஊசி போட்டார்கள். அதில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள். ஒரு நாளைக்குக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் போக வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ‘அக்கா இப்ப நடமாடும் அணு உலை. ஒரு மாசத்துக்குக் கரண்ட் பில் மிச்சம்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினேழு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா மாயக்காள் சிரிக்கவில்லை.

இன்று வியாழன். காலை மணி பத்து.

“ஒரு மாசம்னு நீங்கதான வாத்தியாரே எழுதுனீக?” என்றார் மாயக்காள், கேட்டைப் பிடித்தபடி.

“அது வெளையாட்டுக்குச் சொன்னது, சம்பந்தியம்மா. ஒரு நாள்தான். டாக்டர் சீட்டு இந்தா இருக்கு.”

“அது இங்கிலீசுல இருக்கு. நீங்க எழுதுனது தமிழ்ல இருந்துச்சு. இப்பச் சொல்றது வெளையாட்டில்லன்னு நான் எதை வச்சு நம்புறது?”

நியாயமான கேள்வி. முப்பது வருடமாக ஒரு கல்யாண வீட்டிலும் துஷ்டி வீட்டிலும் நான் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஆனாலும் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவன் இல்லையா, ஆரம்பித்துவிட்டேன். தனிம அட்டவணையில் நாற்பத்து மூன்றாம் இடம் வெகுகாலம் காலியாகக் கிடந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 1937இல், அணுத்துகள்களால் அடி வாங்கிய மாலிப்டினத் தகட்டில் அதைக் கண்டுபிடித்தார்கள். மனிதன் செய்த முதல் தனிமம் அது. பெயருக்கே கிரேக்கத்தில் செயற்கை என்றுதான் பொருள். இன்றும் ஆஸ்பத்திரிகளில் மாலிப்டினத்தைத் தாயாக வைத்து, காலையில் பால் கறப்பதுபோல் கறந்து எடுக்கிறார்கள்.

“செயற்கைன்னு நீங்களே சொல்றீக,” என்றார் மாயக்காள். “நான் மருந்தடிச்ச கத்திரிக்காயே வாங்க மாட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியைத் தூக்கிச் சாக்கடையில் வீசியிருப்பேன். அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள்.

“விடுறா மதி,” என்றாள். “அவங்க சொல்றதும் சரிதான். வயித்துப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நான் இங்கிட்டே இருந்துக்கிறேன். பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போறதையும் அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்.”

அதுதான் என்னை அடித்துப் போட்டது. சம்பந்தியம்மாவோடு சண்டை போடலாம். என் நக்கலை நம்பித் தன் பிள்ளைக்கே தன்னை விஷம் என்று நினைக்கிறவளோடு என்ன சண்டை போடுவது?

உள்ளே போய், வந்தவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கண்ணாடி வளையல் பெட்டியைத் தூக்கிவந்து, துண்டை விரித்து அவள் காலடியில் கொட்டினேன். இருபத்தோரு டஜன், மேலே நாலு. இருநூற்று ஐம்பத்தாறு.

“அக்கா, கூறு வை.”

அக்கா வத்தலக்குண்டு சந்தையில் தக்காளி, கத்திரிக்காய் கூறு கட்டி விற்கிறவள். கண் பார்த்தாலே கை சமமாகப் பிரிக்கும்.

“எதுக்குடா?”

“இது அம்புட்டும் செவ்வாக்கிழமை ஊசியில ஏறுனது. இந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியா அழிஞ்சிரும். ரெண்டு கூறா வச்சு, ஒரு கூறத் தள்ளு.”

பிரித்தாள். தள்ளினாள். “சாயந்தரம் நாலு,” என்றேன். மிச்சத்தை மறுபடி பிரித்தாள். ராத்திரி பத்து. விடிகாலை நாலு. புதன் காலை பத்து வந்தபோது துண்டில் பதினாறுதான் கிடந்தது. மாயக்காள் கேட்டை விட்டு ஓர் அடி முன்னால் வந்து குனிந்தார். எட்டு. நாலு. ரெண்டு. இப்போதைய பத்து மணிக்கு, ஒற்றைப் பச்சை வளையல்.

“மூத்திரத்துல போனது தனிக் கணக்கு,” என்றேன்.

அக்கா அந்த ஒற்றை வளையலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தள்ளி வைத்த குவியலை. அப்புறம் என்னை.

“இது வெளையாட்டு இல்லையே?”

“இல்லக்கா.”

“கீர்த்தனா மேல சத்தியமா?”

“சத்தியமா.”

எழுந்தாள். சேலைக் கொசுவத்தை உதறிவிட்டாள். “செத்த தள்ளுங்க சம்பந்தி,” என்றாள், சந்தையில் வழி கேட்கிற குரலில். மாயக்காள் என்னை முறைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நானும் முறைத்தேன். அந்தக் காகிதக் கப்பை நான் மன்னிப்பதாக இல்லை.

உள்ளே மணையில் இருந்த கீர்த்தனா நிமிர்ந்து பார்த்தாள். “எங்கம்மா போன? எம்புட்டு நேரம்?”

“ஒங்க மாமன் பாடம் நடத்துனான்டி. கையக் குடு.”