மந்திரா சொல்லாமல் நுழையாத பந்து

மந்திரா குஹநியோகி ‘கோல்’ என்று சொல்லாததால், அந்த ஆண்டின் பெரிய ஆட்டத்தில் பந்து கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றுவிட்டது. மாணிக்தலா சந்தையில் அன்று காலை இலிஷ் மீனும் இறாலும் ஒரே விலை. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் அணி வென்றால் அவர்கள் வாங்கிக் கொண்டாடும் இலிஷ் மாலையில் விலை ஏறும். கல்கத்தாவின் பூர்வீகக்காரர்களுடைய அணி வென்றால் இறால் ஏறும். மீன்காரர்கள் தராசைத் தொடாமல் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மந்திரா அகதிகள் வீட்டுப் பெண். வானொலியில் ஊறுகாய்ப் பக்குவம் வாசித்துக்கொண்டிருந்தவள், வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிய ஒருநாள் மைக் முன்னால் உட்கார்ந்தாள்; அப்புறம் எழுந்திருக்கவில்லை. அதற்காக அந்த ஊர் அவளை மன்னிக்கவே இல்லை. கூட வேலை செய்தவர்கள் நாற்காலியை ஒளித்து வைத்தார்கள், நின்றுகொண்டே பேசினாள். “ஏ தீதி, பந்துக்கு உப்பு எவ்ளோ போடணும்?” என்று கேலரியிலிருந்து கத்தி, வெற்றிலை எச்சிலைத் துப்பினார்கள். துப்பியவன் காதிலும் டிரான்சிஸ்டர் இருந்தது. ஆட்டம் கண்ணெதிரே நடந்தாலும் வானொலி சொன்னால்தான் நம்புவது அவர்கள் வழக்கம். பந்துக்கும் அந்த வழக்கம் தொற்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அன்று ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. நிலைய அதிகாரி லாஹிரி வந்து மைக்கைப் பிடுங்கினார்.

“கடைசி நேரமாவது ஆம்பளக் குரல்ல போகட்டும். நீ கிளம்பு.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். உடனே இறால் அணிக்காரன் ஒருவன் பந்தை உதைத்தான், அது நின்றது. லாஹிரி கழுத்து நரம்பு புடைக்க “கோல்” என்று திரும்பத் திரும்பக் கத்தினார். பந்து அசையவில்லை. கோல்கீப்பர் தோள் கொடுத்துத் தள்ளினார். இரண்டு பேர் அதைப் பிடித்துத் தொங்கினார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி வர்ணனை அறையைப் பார்த்தார். “அவ இன்னும் சொல்லலையேப்பா,” என்றது கேலரி.

படிக்கட்டடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவளிடம் லாஹிரி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருக்கு முன்பே அவளுடைய அப்பா ஹேமேந்திரர் அங்கே வந்து நின்றிருந்தார்.

“வாயத் தொறக்காத, மா. வீடு போச்சு, ஆறு போச்சு. நமக்குன்னு இருக்கறது இந்த அணி ஒண்ணுதான்.”

“சொல்லித் தொலைம்மா,” என்றார் லாஹிரி.

“மைக் இனிமே யாருது?”

“உன்னுதுதான், போ.”

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“நல்ல கோல், பாபா. இல்லைன்னு நான் எப்படிச் சொல்ல?”

மேலே போய், தணிந்த குரலில் சொன்னாள். பந்து வலைக்குள் விழுந்தது.

மாலையில் இறால் விலை ஏறியது. தோற்றவர்கள் அவள் வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். தாமதப்படுத்தியதற்காக வென்றவர்களும் ஏசினார்கள். தலை நரைக்கும்வரை அவள்தான் வர்ணனை செய்தாள், ஏச்சும் நிற்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் ஹேமேந்திரர் சாகும்வரை அவளோடு பேசவில்லை. ஆனால் ஆட்டம் தவறாமல் வானொலி கேட்டார். தங்கள் அணியின் பந்து கோட்டருகே வந்து நிற்கும்போது மட்டும், பெட்டியைப் பார்த்து, “சொல்லு, மா,” என்பார். அவள் சொல்வாள். பந்து உள்ளே போகும்.