பாட்டு ஓடும்போது ரெக்கார்டரை நிறுத்தவும்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். மாடிப்படி ஏறும்போதே பேச ஆரம்பித்து, நாற்காலியில் உட்காருவதற்குள் பாதி விஷயத்தை முடித்துவிடுவாள். அன்றைக்கு ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தவளைப் பார்த்து, ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்யும் அக்கா, இன்றைக்கு யாரை ஆட வைக்கப் போகிறாய் என்று கேட்டாள். பட்டாசுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட நேரமும் இல்லை. பேட்டிக்கு ஒரு பஸ் ஓட்டுநர் வரும் நாள் அது.

நினைவு தப்பிப்போன பெற்றோரையோ, படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியையோ வீட்டில் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் ஆண்களிடம் பேசிப் பார்த்து, அவர்கள் படும் பாடு என்ன என்று எழுதித் தருவதுதான் அவளுடைய ஆய்வு. கேட்டது நலத்துறை. அப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவியாள் அனுப்புவதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வந்த ஆண்களோ எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதிலைச் சொன்னார்கள். சமாளிச்சுக்கிறேங்க. கழிவறையைப் பற்றிக் கேட்டால் சமாளிக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் அதையும் சமாளிக்கிறார்கள். கோபம் வருமா என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பாட்டு யோசனை பட்டாசுடையது. அவரவர் வீட்டில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு பாட்டைக் கொண்டுவரச் சொல்வோம், முதலில் சேர்ந்து கேட்போம், பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து மெல்ல வீட்டுக்குள் போய்விடுவோம் என்று கைகால்களையெல்லாம் ஆட்டிச் சொன்னாள். ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் அரை மனதாகச் சரி என்றார். முதல் வாரமே தட்டச்சு அக்கா போர்க்கொடி தூக்கினாள். ட்ரம் சத்தத்தில் ஒரு எழவும் கேட்கவில்லை, என் காது என்ன இரவல் காதா என்று பிடித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்த பேராசிரியர் ஒரு விதி போட்டார். பாட்டு ஓடும்போது ரெக்கார்டரை நிறுத்திவிட வேண்டும். நியாயமான விதிதானே. பட்டாசும் ஒரு முறைகூடத் தவறாமல் அதைக் கடைப்பிடித்தாள்.

ஆனால் பாட்டு வந்த பிறகும் பதில் மாறவில்லை. நேற்று பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த ஓட்டுநர்தான் கடைசி, இவரும் அதையே சொன்னால் ஆண்கள் சமாளித்துக்கொள்கிறார்கள் என்றே அறிக்கை போகும், அவர்கள் சொல்லாததை நாம் எழுத முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அறிக்கை அப்படிப் போனால் ஒரு வீட்டுக்கும் ஆள் வராது.

ஓட்டுநர் வேலை முடிந்து சீருடையோடே வந்தார். ஐம்பதைத் தொடும் வயது, நல்ல ஆகிருதி. நாளெல்லாம் அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்புகிற மனிதர், அந்தச் சின்ன அறையில் நாற்காலியின் விளிம்பில், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்ட பயணி மாதிரி உட்கார்ந்தார். மேசையில் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவும் தானும்தான் வீட்டில், அப்பாவுக்கு நினைவு போய்விட்டது, வேலைக்குப் போகும்போது சித்தி வந்து பார்த்துக்கொள்கிறார், மற்றபடி சமாளிச்சுக்கிறேன் மேடம் என்றார். பட்டாசு முகத்தை மாற்றிக்கொள்ளாமல், கொண்டுவந்த பாட்டைத் தரச் சொன்னாள்.

போனை எடுத்துக் கொடுத்தார். அவள் ஏதோ தாலாட்டு மாதிரி வரும் என்று நினைத்து, ரெக்கார்டரை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். ட்ரம்மும் ட்ரம்பெட்டும் இடி விழுந்தது போலப் பாய்ந்து வந்தன. சரியான குத்துப் பாட்டு. சத்தம் இன்னும் வைக்கலாம் என்றார். வைத்தாள். இன்னும் என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். அவளுடைய கால் அவளைக் கேட்காமலே தாளம் போட்டது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த பாட்டோ என்று உரக்கக் கேட்டாள்.

"அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது" என்றார் ஓட்டுநர், ஸ்பீக்கரைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. தினமும் காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும். அப்பாவுக்கு மகனைத் தெரிவதில்லை. யாரோ ஒரு முரடன் தன் துணியை உருவுகிறான் என்று நினைத்து, கொல்றாங்க, காப்பாத்துங்க என்று அலறுவார். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. ஒரு நாள் அலறல் தாங்காமல் இவர் அப்பாவின் வாயைப் பொத்திவிட்டார். கையை எடுத்தபோது அந்த மனிதர் குழந்தையைப் போல விம்மினார். மறுநாளிலிருந்துதான் இந்தப் பாட்டு. குளித்து முடிக்கும்வரை முழுச் சத்தத்தில் ஓடும்.

"லிஃப்ட்ல பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, உங்க வீட்டுல தினமும் கொண்டாட்டம்தான், உங்கப்பா குடுத்து வெச்சவர்னு. நானும் சிரிச்சுக்கிட்டே இறங்கிடுவேன்."

பாட்டு முடிந்தது. அவரும் வாயை மூடிக்கொண்டார். சட்டென்று மூடினார், குழாயை அடைப்பது போல. அப்போதுதான் பட்டாசுக்கு மண்டையில் உறைத்தது.

இதற்கு முன் வந்தவர்கள் எல்லோருமே இப்படித்தான் செய்தார்கள். மளிகைக்கடைக்காரர் பாட்டு ஓடும்போது என்னவோ முணுமுணுத்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் தன் பாட்டுக்கு நடுவே சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள், வேலை இனிமேல்தான் ஆரம்பம் என்று இவளும் தலையாட்டிக்கொண்டு பாட்டு முடியக் காத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரைப் போடுவாள், அவர்கள் சமாளிக்க ஆரம்பிப்பார்கள். நானே கேட்டுவிட்டு நானே காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேனே! அவள் எழுந்தே நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. யாரையாவது கட்டிப்பிடித்துக் கத்த வேண்டும் போல இருந்தது. பாட்டு பலித்துவிட்டது, முதல் நாளிலிருந்தே பலித்துக்கொண்டிருந்தது!

பிறகு எதிரில் இருந்தவரைப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தாள். ரெக்கார்டரில் ஒரு சொல் இல்லை. அவர் அனுமதி இல்லாமல் நினைவிலிருந்து எடுத்து எழுதவும் கூடாது.

"அண்ணா, நீங்க சொன்னது எதுவுமே பதிவாகலை. பாட்டு ஓடுறப்போ நிறுத்திடுவோம்."

"தெரியும்மா. லைட் அணைஞ்சதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவானால்தான் அறிக்கையில் வரும், வந்தால்தான் நலத்துறை யோசிக்கும், பேர் ஊர் எதுவும் வெளியே போகாது, வேண்டாம் என்றால் அதுவும் சரி, இப்போதே எழுந்து போகலாம் என்றாள். அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார். மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? அதை மட்டும் சொல்லக் கூடாது என்றாள். பிறகு, பொறுக்கமாட்டாமல், லைட் எரியும்போது ஊரே சமாளிக்குதுண்ணா என்றாள்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். எல்லாரும் பெரிய நடிகனுங்கதான் போல என்றார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

"பாட்டைப் போடும்மா. லைட்டும் எரியட்டும்."

போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது, ட்ரம் பாய்ந்தது, பழைய சத்தத்திலேயே. அவர் பேசவில்லை. பல்லவி போனது, சரணம் ஒன்று போனது. பட்டாசு, வாழ்நாளில் சும்மா இருந்தறியாதவள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தச் சத்தத்தில் அவர் பேசினாலும் தட்டச்சு அக்காவுக்கு ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று தெரியும். குறைக்கலாமா என்று விரல் துடித்தது. குறைத்தால் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தாள்.

ஓட்டுநர்தான் கையை நீட்டினார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். நாலு வீடு தள்ளி யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல ட்ரம் தேய்ந்துபோனது. அவர் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்து, அதனிடமே குனிந்து பேசினார்.

"எங்கப்பா வாயை நான் பொத்தியிருக்கேன். குளிப்பாட்ட எனக்கு ஒரு ஆள் வேணும். என்னால முடியல."