மூன்று சதவீதம் தண்ணீர்

யோகப்பிரியா பொள்ளாச்சியில் ஏழு வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள். கடையை மூடியபோது முதலாளி கொடுத்த ஒரு பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டுதான் கல்யாணமாகி வெள்ளாங்காட்டுக்கு வந்தாள். கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். வீட்டில் கணவன் பூபதிராஜாவும் எட்டு மாடுகளும். காலையும் மாலையும் ஊர் பால் சொசைட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. நடுவில் கிடந்த பகல்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. கை எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த லேப்டாப்பின் இடது பக்கம் நீளவாக்கில் ஒரு பிளவு இருந்தது. கூடுதலாக ஏதாவது கார்டு செருகிக்கொள்வதற்கான இடம். இப்போது வரும் லேப்டாப்புகளில் அது கிடையாது. உள்ளே தூசி போகாமலிருக்க வெறும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதை அழுத்துவாள், வெளியே துள்ளும். மறுபடி உள்ளே தள்ளுவாள்.

முதலில் இரண்டு யு.எஸ்.பி. துளைகள் தரும் கார்டு ஒன்று வாங்கிப் போட்டாள். ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் கரண்ட் போதாமல் அது முனகிவிட்டு நின்றது. அடுத்து கேமரா மெமரி கார்டு படிக்கிற ஒன்று. நன்றாகவே வேலை செய்தது, ஆனால் வீட்டில் கேமரா இல்லை. மூன்றாவதாக சிம் போடுகிற பழைய டேட்டா கார்டு. அதற்குத் தெரிந்த நெட்வொர்க்கைக் கம்பெனிக்காரர்களே மூடிவிட்டிருந்தார்கள்.

"ஏம் பிரியா, அந்தப் பொந்த அடைக்காம உனக்குச் சோறு எறங்காதா?" என்றான் பூபதிராஜா.

"சும்மா கெடக்குதுங்க. பாத்துட்டு இருக்க முடியலீங்க."

நான்காவதாகக் கோயமுத்தூரில் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது சீரியல் போர்ட் கார்டு. ஒன்பது முள் கொண்ட பழைய காலத்து இணைப்பு. அந்த ஊரில் அப்படி ஒரு வாலோடு இருந்தது ஒரே ஒரு பொருள்தான்: சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் மெஷின்.

அந்த மெஷினை நினைத்தாலே அவளுக்கு மனசு ஒரு நிலையில் நிற்காது. காரணம் மருதாத்தாள்.

மருதாத்தாள் ஊரின் கிழக்குக் கடைசியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவள். மூன்று மாடு. சைக்கிளில் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டே வருவாள். எப்போதும் வரிசையில் கடைசி ஆள். இரண்டு மாதத்துக்கு முன், அவள் பாலில் மூன்று சதவீதம் தண்ணீர் என்று கம்ப்யூட்டர் காட்டியது. நாலு நாள் கழித்து இன்னொரு முறை. அடுத்த வாரமும் அதே மூன்று. செயலாளர் ரத்தினசாமி வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே, "ஏனுங்க, வாய்க்கா பக்கத்துலயே ஊடு இருந்தாத் தண்ணிக்கா பஞ்சம்?" என்று கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். கேனை அப்படியே தூக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன மருதாத்தாள் அப்புறம் சொசைட்டிப் படி ஏறவில்லை. அறிவிப்புப் பலகையில் மட்டும், தண்ணீர் கலந்தவர் என்று அவள் பெயர் சாக்பீஸில் இருந்தது.

அன்றைக்கு அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தவள் யோகப்பிரியாதான்.

சீரியல் கார்டு வந்த அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள்.

"என்னம்மிணி, இருக்கற கம்ப்யூட்டர் பத்தலையா?" என்றார் ரத்தினசாமி.

"சும்மா ஒரு சோதனைதானுங்க மாமா."

சொசைட்டியின் பழைய கம்ப்யூட்டர் மாசியில் செத்துப்போனது. புதிதாக வந்த லேப்டாப்பில் ஒன்பது முள் போர்ட் இல்லாததால், நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டரை மாட்டி யு.எஸ்.பி.யில் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினின் சொந்தத் திரை மங்கிப்போய் ஒரு வருஷம். கம்ப்யூட்டர் காட்டியதுதான் முடிவு.

அவள் மெஷினின் வயரைத் தன் லேப்டாப்பின் கார்டில் நேரே செருகினாள். மெஷின் அனுப்பும் எண்களை அப்படியே கறுப்புத் திரையில் ஓடவிட்டாள். ஒவ்வொரு பாலுக்கும் இடைவெளி இல்லாமல் பன்னிரண்டு இலக்கங்கள். முதல் மூன்று கொழுப்பு, அடுத்த மூன்று மற்ற சத்து, அடுத்த மூன்று தண்ணீர், கடைசி மூன்று பாலின் சூடு. நல்ல பாலென்றால் தண்ணீர் இருக்குமிடத்தில் மூன்று பூஜ்யம். மூன்று நாள் பார்த்தாள். ஒரு பால்கூடத் தப்பவில்லை.

நான்காம் நாள் கன்வெர்ட்டரை நடுவில் மாட்டினாள். அப்போதும் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வரிசை முடியும் நேரத்தில், ஆறரைக்கு, ரத்தினசாமி வழக்கம்போலப் பாலைக் குளிரவைக்கும் தொட்டியின் கம்ப்ரசரைப் போட்டார். டொக்கென்று அது கிளம்பியது. விளக்கு ஒரு கணம் மங்கியது. திரையில் வந்த எண்களை எண்ணினாள். பதினொன்று.

தண்ணீருக்கான பூஜ்யங்களில் ஒன்று உதிர்ந்திருந்தது. பின்னால் நின்ற எண்களெல்லாம் ஓரடி முன்னால் நகர்ந்திருந்தன. பாலின் சூடு முப்பத்தொன்று; மெஷின் அதை 310 என்று அனுப்பும். அதன் மூன்று நகர்ந்து போய்த் தண்ணீரின் கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இதற்கு முன்னும் இப்படி எண்கள் உதிர்ந்திருக்கின்றன. நாலு சொச்சம் வர வேண்டிய கொழுப்பு நாற்பத்திரண்டு என்று வரும்; எல்லோரும் சிரிப்பார்கள், பாலை மறுபடி வைப்பார்கள். பைத்தியக்காரத்தனமாக வந்ததை யாரும் நம்பவில்லை. மூன்று சதவீதம் தண்ணீர் என்றால் மட்டும் உடனே நம்பினார்கள். கம்ப்ரசர் போடும் நேரத்தில் வந்து நிற்பவள் மருதாத்தாள். அந்தக் கன்வெர்ட்டரைப் பொள்ளாச்சியில் தேடிப் பிடித்து வாங்கி மாட்டியவள் யோகப்பிரியா.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தீவனம் வைத்தாள். வைத்ததை மறந்து மறுபடி வைத்தாள். பூபதிராஜா கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் தாடையைத் தடவினான். "யாருக்குந் தெரியாதல்ல? கார்டப் போட்டாச்சு, இனி சரியா வரும். அப்படியே உட்டுரு. நீயாப் போயி எதுக்கு மாட்டிக்கறே?"

"பலகையில அந்தக்காவோட பேரு இருக்குதுங்களே."

"அதை நான் அழிச்சுப்போடறேன்."

"அழிச்சா ஆச்சுங்களா?"

அவன் எழுந்து, அவள் இரண்டாம் தடவை வைத்த தீவனத்தை அள்ளி எடுக்கப் போனான்.

மறுநாள் காலை, வரிசையில் பதினைந்து பேர் நிற்கும்போது, ரத்தினசாமி தன் வீட்டுப் பாலை வைத்தார். கன்வெர்ட்டரை மாட்டிய சொசைட்டி கம்ப்யூட்டரின் முன்னாலிருந்து யோகப்பிரியா எழுந்தாள். "மாமா, சித்தெ இருங்க. உங்க பாலையே ஏழெட்டுத் தடவ வெச்சுப் பாக்கோணும். ஒவ்வொரு தடவையும் கம்ப்ரசரப் போட்டு நிறுத்துங்க."

"எதுக்கம்மிணி?"

"காரியம் இருக்குதுங்க."

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரைக் கேட்கவைத்தது. நான்கு முறை சரியாக வந்தது. ஐந்தாம் முறை கொழுப்பு நாற்பத்தொன்று, வரிசை சிரித்தது. ஏழாம் முறை டொக்கென்றது. கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு. ரத்தினசாமியின் பாலில் தண்ணீர் மூன்று சதவீதம்.

யாரும் சிரிக்கவில்லை.

"இப்பத்தான கறந்துட்டு வந்தேன்," என்றார் ரத்தினசாமி. குரல் இறங்கிவிட்டது.

"உங்க பால்ல தண்ணி இல்லீங்க மாமா. மருதாத்தாக்கா பால்லயும் இல்லீங்க. நான் மாட்டின கன்வெர்ட்டரு தப்பு." பிறகு அதே பாலைப் பழைய லேப்டாப்பின் கார்டு வழியாக, கம்ப்ரசரைப் போட்டு நிறுத்தி, பத்து முறை வைத்துக் காட்டினாள். பத்து முறையும் மூன்று பூஜ்யம்.

அன்று பத்து மணிக்கு வாய்க்காலைத் தாண்டி மருதாத்தாள் வீட்டுக்குப் போனாள். தொழுவத்தில் இரண்டு மாடுதான் நின்றன.

நடந்ததையெல்லாம் நின்றபடியே கேட்டாள் மருதாத்தாள். "சரி," என்றாள். அப்புறம், "ஒரு கறவை மாட்ட வித்துப்போட்டனே அம்மிணி. டீக்கடைக்கு எவ்வளவு பாலத்தான் ஊத்தறது?"

"தப்பு என்ற மேலதானுங்க அக்கா."

"உன்ற மேலயும்தான். ஆனா நீ எண்ணப் படிச்சே. வாய்க்காத் தண்ணின்னு சொன்னது நீ இல்ல."

"நீங்க வரோணுங்க."

"எங்க வெச்சுச் சொன்னாங்களோ, அங்க வெச்சுச் சொல்லச் சொல்லு. வர்றேன்."

ரத்தினசாமி லேசில் சம்மதிக்கவில்லை. "நான் மெஷின் சொன்னதைத்தான் சொன்னேன்" என்று இரண்டு நாள் இழுத்தார். யோகப்பிரியா அந்த இரண்டு நாளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல் சொசைட்டி வாசலிலேயே நின்றாள். எண்களைப் படிக்க ஆளில்லாமல் வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. மூன்றாம் நாள் காலை அவரே மருதாத்தாளுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேனைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க," என்றார் ரத்தினசாமி தரையைப் பார்த்து.

"கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க," என்றாள் மருதாத்தாள்.

அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. வரிசையைப் பார்த்து மறுபடி சொன்னார், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. பலகையைத் தன் துண்டாலேயே துடைத்தார்.

மருதாத்தாள் பாலை வைத்தாள். யோகப்பிரியா எண்ணைப் படிக்க வாயைத் திறந்தாள்.

"நீ படிக்க வேண்டாம். எது கொழுப்பு, எது தண்ணின்னு எனக்குக் காட்டு. நானே பாத்துக்கறேன்."

யோகப்பிரியா லேப்டாப்பைத் தூக்கி, திரை வரிசைப் பக்கம் பார்க்கும்படி மேஜை ஓரத்தில் திருப்பி வைத்தாள். மருதாத்தாள் குனிந்து விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள்.